பனிச்சரிவு அபாயம் 5க்கு 3 என்று போட்டிருக்கிறது, ஸ்னோஷூ மாட்டிக்கொண்டு பெர்த்தூட் பாஸ் போகலாமா?

கொடைக்கானல்காரன் (வெள்ளி, மாலை)

வணக்கம் மக்களே. டென்வர் வந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது. போன வருடம் வீட்டு வாசலில் பனி அள்ளியதோடு சரி. இந்த வருடமாவது மலைக்குள் போய்ப் பார்க்கலாம் என்று நானும் மனைவியும் இன்னொரு ஜோடியும் நாளைக்குப் பெர்த்தூட் பாஸ் போகத் திட்டம் போட்டிருக்கிறோம். கணவாயின் உச்சியிலேயே கார் நிறுத்த இடம் இருக்கிறது. அங்கிருந்து ஸ்னோஷூ (பனியில் கால் புதையாமல் நடக்க பூட்ஸில் மாட்டுகிற அகலமான சட்டம்) மாட்டிக்கொண்டு, மரங்கள் முடிகிற இடத்தைத் தாண்டி முகடு வரை ஏறி, நாலு ஃபோட்டோ எடுத்து, ஃப்ளாஸ்க்கில் இருக்கிற டீயைக் குடித்துவிட்டு இறங்க வேண்டியது. நாலு ஜோடி ஸ்னோஷூ வாடகைக்கு எடுத்தும் ஆயிற்று.

புதனும் வியாழனும் அங்கே பனி கொட்டியிருக்கிறது, ஓர் அடிக்குக் குறையாது என்கிறார்கள். கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையத்தின் பக்கத்தைப் பார்த்தால் மரக்கோட்டுக்கு மேலே 5க்கு 3, ஆரஞ்சு நிறம். "அஞ்சுக்கு மூணுன்னா நடுவாந்திரம், பாஸ் மார்க்குதான். அதுவும் ஸ்கீ விடுறவனுக்குச் சொல்றது, நடந்து போற நமக்கென்ன" என்கிறார் நண்பர். மனைவி மட்டும் யாரையாவது கேட்டுவிட்டுப் போகலாம் என்று பிடிவாதம்.

நான் பிறந்து வளர்ந்தது கொடைக்கானல். மழைக்காலத்தில் மண் சரிந்து ரோடு அடைபட்டதை எத்தனையோ முறை பார்த்தவன், மலை எனக்குப் புதிதில்லை. பனிதான் புதிது. அங்கே சனிக்கிழமை என்றால் எப்போதும் இருபது முப்பது கார் நிற்குமாம். முன்னால் போனவர்களின் தடத்திலேயே போனால் போதாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், காலை 7 மணிக்குக் கிளம்ப வேண்டும்.

பவுல்டர் மீனா

முதலில் உங்கள் மனைவிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

அந்த 3 பரீட்சை மார்க் இல்லை தம்பி. 2 என்றால் ஆள் கால் வைத்து பனிச்சரிவு கிளம்பலாம். 3 என்றால் ஆள் கால் வைத்தால் கிளம்பும் வாய்ப்பே அதிகம், யாரும் தொடாமல் தானாகவும் விழலாம். 4 வந்தால் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தாலே பயமாக இருக்கும், ரோட்டையே மூடுவார்கள், அதனால் பெரும்பாலும் யாரும் போவதில்லை. 5 அபூர்வம். ஆட்கள் அதிகம் சாவது இந்த 3ல்தான். ஏனென்றால் 3 போடுகிற நாள் பெரும்பாலும் உங்கள் நாளைய சனிக்கிழமை மாதிரியே இருக்கும்: புயல் ஓய்ந்து, வானம் நீலமாக, வெயில் அடித்து, புதுப்பனி பளபளவென்று, எல்லாரும் வாரம் பூராவும் ஆபீஸில் உட்கார்ந்து அலுத்துப்போய் மலைக்கு ஓடி வருகிற நாள்.

ஓர் அடி புதுப்பனியைப் பற்றிச் சொன்னீர்கள். எனக்குப் பெரிய கவலை அது இல்லை. அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் விழுந்து, யாரும் கண்டுகொள்ளாமல் அடியில் கிடக்கிறதே, அதுதான் கவலை. கொலராடோவின் வியாதியே இது. இங்கே சீசன் ஆரம்பத்தில் மெல்லிசாகக் கொஞ்சம் விழும், அப்புறம் இரண்டு மூன்று வாரம் தெளிந்த வானமும் கடும் குளிருமாக இருக்கும். பனிக்கு அடியில் தரை எப்போதும் 0 டிகிரியை ஒட்டியே இருக்கும். மேலே ராத்திரிக் காற்று மைனஸ் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் இருப்பது வெறும் 50 சென்டிமீட்டர் பனி. அப்படியென்றால் ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் 4 டிகிரி வித்தியாசம். 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரியைத் தாண்டினாலே போதும், கீழிருந்து நீராவி மேலே ஏற ஏற, ஒன்றோடொன்று ஒட்டியிருந்த பனித்துகள்கள் பிரிந்து, ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கோணம் கோணமாய் வளர்ந்துவிடும். கையில் அள்ளிப் பார்த்தால் டயமண்ட் கல்கண்டுதான். உருண்டை பிடிக்க வராது, விரல் இடுக்கில் ரவை மாதிரி கொட்டும். இங்கே சர்க்கரைப் பனி என்கிறார்கள். ஒருமுறை அப்படி ஆகிவிட்டால் லேசில் ஒட்டாது, சில வருடம் மார்ச் ஏப்ரல் வரைக்கும் அப்படியே கிடக்கும்.

இப்போது அந்த ரவையின் மேல் ஜனவரிப் புயல்கள் வந்து அடுக்கடுக்காகப் பனியைப் போட்டு, காற்று அதை அமுக்கி, ஒரு பெரிய பலகையாக ஆக்கிவிடுகிறது. தட்டில் ரவையைக் கொட்டி மேலே ஒரு பெரிய அப்பளத்தை வைத்துத் தட்டைச் சாய்த்துப் பாருங்கள், அதுதான். அப்பளம் நொறுங்கி விழாது, முழுசாக வழுக்கிக்கொண்டு போகும். நீங்கள் அப்பளத்தின் நடுவில் நிற்கிறீர்கள். விரிசல் உங்களுக்கு மேலே, ஐம்பது அடி தள்ளி விழும்.

ஆகவே மெதுவாக நடக்கிறோமா வேகமாக ஸ்கீ விடுகிறோமா என்பது பனிக்குத் தெரியாது, அதற்குத் தெரிந்தது எடை ஒன்றுதான். 2022 ஜனவரி 8ஆம் தேதி ஹூசியர் பாஸ் பக்கம் நார்த் ஸ்டார் மலையில் ஸ்னோஷூவில் போன ஒரு இளம் ஜோடியும் அவர்களின் நாயும் பனிச்சரிவில் இறந்துபோனார்கள். நடந்து போனவர்கள்தான்.

இன்னொரு விஷயம், நிறையப் பேருக்குத் தெரியாதது. சரிவின் மேல் நிற்க வேண்டும் என்றுகூட இல்லை. கீழே ஓரமாக, தட்டையான இடத்தில் நடந்தாலே மேலே இருப்பது கிளம்பிவிடும். தேங்காய்க் குவியலில் அடித் தேங்காயை உருவுகிற மாதிரி.

தடத்திலேயே போனால் என்ன என்று கேட்டீர்கள். பாறையோ புதரோ மறைந்திருக்கிற இடத்தில் மேற்பலகை மெல்லிசாக இருக்கும், அந்த இடத்தில் யார் கால் படுகிறதோ அவருக்குத்தான் அது கிளம்பும். முதல் ஒன்பது பேர் அரை அடி தள்ளிப் போயிருப்பார்கள், பத்தாவது ஆள் நீங்களாக இருக்கலாம்.

பெர்த்தூட் பாஸ் 11,307 அடி. அங்கே போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பீக்கன் (புதைந்த ஆள் இருக்கிற இடத்தைக் காட்டும் ரேடியோக் கருவி), ப்ரோப் (பனிக்குள் குத்திப் பார்க்கிற நீளக் கோல்), மண்வாரி மூன்றும் இல்லாமல், சாய்வுக் கோணம் எத்தனை என்று தெரியாமல், புயல் ஓய்ந்த கையோடு மரக்கோட்டுக்கு மேலே, வேண்டாம். 2007 ஜனவரியில் அந்தக் கணவாய் ரோட்டிலேயே, யு.எஸ். 40ல், பனிச்சரிவு வந்து இரண்டு காரை ரோட்டைவிட்டுத் தள்ளிவிட்டது. நல்லவேளை எல்லாரையும் தோண்டி எடுத்துவிட்டார்கள். ரோட்டில் போனவர்களுக்கே அந்தக் கதி.

ஜாலி ஜெகன்

ஓவராகப் பயமுறுத்துகிறீர்கள் மீனா அக்கா. நான் மூன்று வருடமாக ஒவ்வொரு ஜனவரியும் குவாண்டரி பீக் ஏறுகிறேன், 14,000 அடிக்கு மேலே, பீக்கனும் கிடையாது ஒன்றும் கிடையாது. இதுவரை ஒரு கைப்பிடிப் பனி சரிந்ததைக்கூடப் பார்த்ததில்லை. வெள்ளைக்காரர்கள் எல்லாவற்றுக்கும் ஒரு கோர்ஸ், ஒரு கருவி என்று வைத்து விற்கிறார்கள், அவ்வளவுதான். ப்ரோ, தண்ணியும் கையுறையும் நிறைய எடுத்துக்கொண்டு தைரியமாகப் போய்ட்டு வாங்க.

பவுல்டர் மீனா

ஜெகன், நீங்கள் ஏறியது குவாண்டரியின் கிழக்கு முகடு. குளிர்காலத்தில் எல்லாரும் அந்த வழியில் போவதற்குக் காரணமே அது அகலமான, சாய்வு குறைந்த முகடு என்பதுதான். முகட்டின் நடுவில் நடக்கிறவன்மேல் என்ன வந்து விழும்? அந்த வழியைத் தேர்ந்தெடுத்தவர் யாரோ, புண்ணியம் அவருக்கு. உங்களுக்கு இன்னொன்று சொல்கிறேன். நான் மேலே எழுதிய நார்த் ஸ்டார் எது தெரியுமா? குவாண்டரி உச்சியில் நின்று தெற்கே பார்த்தால் பள்ளத்தாக்குக்கு எதிர்ப்பக்கம் தெரிகிற மலைதான். நீங்கள் ஃபோட்டோ எடுத்திருப்பீர்கள், அதில் பின்னால் நிச்சயம் இருக்கும்.

"மூன்று வருடமாக ஒன்றும் ஆகவில்லை" என்பதில்தான் வம்பே. சமையலில் உப்பு கூடினால் அன்றைக்கே நாக்கு சொல்லிவிடும். பனி அப்படிச் சொல்லாது. தப்பான சரிவில் தப்பான நாளில் இருபது தடவை போய் இருபது தடவையும் சிரித்துக்கொண்டே வீடு திரும்பலாம், ஒவ்வொரு தடவையும் நமக்கு விவரம் தெரிந்திருக்கிறது என்ற எண்ணம்தான் ஏறும்.

கருவி விற்கிறார்கள் என்பதில் பாதி உண்மை இருக்கிறது, கருவி இருக்கிற தைரியத்தில் போய் மாட்டுகிறவர்கள் உண்டு. 2013 ஏப்ரல் 20, லவ்லேண்ட் பாஸ் பக்கம் ஷீப் க்ரீக் என்ற இடம். ஆறு பேர், அனுபவசாலிகள், பீக்கன் உட்பட எல்லாம் கையில் இருந்தது. அன்றைக்கும் 3தான். ஆபத்தான சரிவு எது என்று அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அதன் அடிப்பக்கமாகக் கடந்து எதிரே இருக்கிற மரக்கூட்டத்துக்குள் போய்விடலாம், ஆளுக்கு ஆள் ஐம்பதடி இடைவெளி விட்டால் போதும் என்று நினைத்தார்கள். சரிவு அத்தனை பெரிசாக உடையும் என்று எதிர்பார்க்கவில்லை. தரையை ஒட்டிக் கிடந்த அதே சர்க்கரைப் பனிதான், ஆறு பேரையும் ஒருசேர மூடியது. ஐந்து பேர் இறந்தார்கள். வெளியே நின்று தோண்ட ஒருத்தர்கூட மிச்சமில்லை என்றால் ஆறு பீக்கன் இருந்து என்ன செய்ய? நான் பனிச்சரிவு லெவல் 1 பயிற்சி எடுத்தபோது முதல் நாள் பாடமே இந்தச் சம்பவம்தான். ஒரு மணி நேரம் அதைப் பற்றிப் பேசிவிட்டு வெளியே வந்தோம், பார்க்கிங்கில் யாரும் அரட்டை அடிக்கவில்லை.

ஓய்வு ஹவில்தார்

தம்பி, நான் ராணுவத்தில் 17 வருடம். அதில் நாலு குளிர்காலம் வடக்குக் காஷ்மீரில், எல்லைக்கோட்டுப் போஸ்ட்களில். இப்போது திண்டுக்கல் பக்கம் தோட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் பேசாமல் இருக்க முடியவில்லை.

நம் ஆட்களுக்குப் பனி என்றால் மார்கழி மாதம் புல்நுனியில் நிற்கிற பனிதான் மனசில் வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. முதல் வருடம் ஒரு நாள் எதிர்மலையில் அவலாஞ்ச் இறங்குவதைப் பார்த்தேன். முதலில் சத்தமே இல்லை. வெள்ளையாகப் புகை மாதிரி ஒன்று கிளம்பியது, யாரோ மேலே மாவு சலிக்கிறார்கள் போல. அப்புறம்தான் சத்தம் வந்தது, கூட்ஸ் வண்டி பாலத்தில் போகிற சத்தம். நாங்கள் இருந்த பங்கரில் லாந்தர் கண்ணாடி ஆடியது. ஓய்ந்தபின் நாலைந்து பேர் போய்ப் பார்த்தோம், நின்றுபோன பனி சிமென்ட் போல இறுகிக் கிடந்தது. கடப்பாரை போட்டால் டங்கென்று துள்ளியது. அதற்குள் ஓர் ஆள் இருந்தால் விரலைக்கூட அசைக்க முடியாது.

எங்களுக்குச் சட்டம் இதுதான். லிங்க் பேட்ரோல், அதாவது போஸ்ட்டுக்குப் போஸ்ட் ரோந்து போகும்போது நாலாவை (மலையின் ஓடைப் பள்ளத்தை) ஒவ்வொருவராகத்தான் கடக்க வேண்டும். ஒருவன் கடந்து கையைக் காட்டியபின் அடுத்தவன். மற்றவர்கள் எல்லாரும் அவன்மேலேயே கண் வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் கடைசியாக எந்த இடத்தில் பார்த்தோமோ அதற்குக் கீழேதான் தேட வேண்டும். இடுப்பில் நீளமாகச் சிவப்பு நூல்கயிறு கட்டி இழுத்துக்கொண்டே போவோம், ஆள் புதைந்தாலும் கயிறு மேலே தெரியும் என்று. துப்பாக்கி வாரையும் மூட்டையின் இடுப்புப் பட்டையையும் தளர்த்திவிடுவோம். வெயில் ஏறுமுன் கடந்துவிட வேண்டும், பத்து மணிக்குமேல் நாலாவில் கால் வைக்கக் கூடாது. பனி கொட்டி முடிந்து இரண்டு நாளாவது யாரும் நகரக் கூடாது.

இவ்வளவு சட்டம் இருந்தும் போகிறவர்கள் போனார்கள். 2010 பிப்ரவரியில் குல்மார்க் கிலன்மார்கில் பனிப்போர்ப் பயிற்சியில் இருந்த 17 வீரர்கள். 2016 பிப்ரவரி 3ஆம் தேதி சியாச்சினில் சோனம் போஸ்ட்டில் 19ஆவது மெட்ராஸ் பட்டாலியன் ஆட்கள் பத்துப் பேர், அதில் நாலு பேர் தமிழ்நாடு. லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை ஆறு நாள் கழித்து உயிரோடு எடுத்தார்கள், டெல்லி ஆஸ்பத்திரியில் 11ஆம் தேதி போய்விட்டார். அந்த ஆறு நாளும் எங்கள் ஊர் டீக்கடையில் டிவியை யாரும் அணைக்கவில்லை.

எங்களுக்கு ஆர்டர், போனோம். உங்களுக்கு என்ன ஆர்டர் தம்பி? டீயை வீட்டிலேயே குடிக்கலாமே.

சால்ட்லேக் சுந்தர்

ஹவில்தார் ஐயாவுக்கு முதலில் ஒரு வணக்கம். ஒருவர் ஒருவராகக் கடப்பதும், கண்ணை எடுக்காமல் பார்ப்பதும் இன்றைக்கும் எல்லாப் பயிற்சியிலும் சொல்வதுதான். சிவப்புக் கயிற்றின் இடத்தில் இப்போது பீக்கன் வந்துவிட்டது, 457 கிலோஹெர்ட்ஸில் விடாமல் துடித்துக்கொண்டே இருக்கும். ஆனால் ஐயா, வெயில் ஏறுமுன் போனால் தப்பிக்கலாம் என்பது வெயிலில் பனி இளகி ஈரமாகி விழுகிற சரிவுக்கும் வசந்தகாலத்துக்கும் பொருந்தும். இவர்கள் போகிற கொலராடோ ஜனவரியில் அடியில் இருக்கிற கல்கண்டுக்குக் காலை ஆறு மணியும் ஒன்றுதான், மதியம் இரண்டு மணியும் ஒன்றுதான். இரண்டு நாள் பொறுத்தால் போதும் என்பதும் புதுப்பனிக்குச் சரி. இந்த அடிப்பனி வாரக்கணக்கில் கோபமாகவே இருக்கும். "புயல் முடிந்து மூணு நாள் ஆச்சே" என்று யாராவது புதிதாகக் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

நான் யூட்டாவில் ஸ்கீ டூரிங் (ஸ்கீயை மாட்டிக்கொண்டே மலை ஏறி இறங்குவது) போகிறவன், பனியின் அடுக்குகளைப் பார்க்க வாரம் ஒரு குழியாவது தோண்டுவேன். குழி தோண்டிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், போய்த் தோண்டச் சொல்லவில்லை. இடுப்பளவுக்கோ அதற்கு மேலேயோ நேராகச் சுவர் மாதிரி வெட்டிவிட்டு, முதலில் விரலால் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுப்பேன். மேலே விரல் சுலபமாக ஓடும், நடுவில் காற்று அமுக்கிய பனி வரும்போது விரல் நிற்கும், பென்சிலால் குத்தினால்தான் இறங்கும். அதற்கும் கீழே போகப் போகத் திடீரென்று முஷ்டியே உள்ளே போய்விடும், பனி பொலபொலவென்று பூட்ஸ்மேல் கொட்டும். கெட்டி மேலே, பொலபொலப்பு கீழே. இதைப் பார்த்தாலே பாதி முடிவு எடுத்துவிடலாம்.

அப்புறம் 90 சென்டிமீட்டர் அகலம், சுவரிலிருந்து உள்ளே 30 சென்டிமீட்டர் இருக்கிற மாதிரி ஒரு தூண் பிரித்தெடுத்து, அதன் ஒரு ஓரத்தில் மண்வாரியைக் கவிழ்த்து வைத்துத் தட்ட வேண்டும். மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. இரண்டு வாரம் முன்னால் எனக்குப் பதின்மூன்றாவது தட்டில் தூண் முழுசாக இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே வெட்டாக வெட்டுப்பட்டு, டிராயர் திறக்கிற மாதிரி வெளியே வந்து என் மடியில் விழுந்தது. தட்டியது ஒரு ஓரத்தில்தான் என்பதைக் கவனியுங்கள். விரிசல் தானாக ஓடியது. எதுவும் பேசாமல் ஸ்கீயைத் திருப்பிக்கொண்டு, வந்த வழியே இறங்கிவிட்டோம். ஒன்று மட்டும், குழி கெட்ட செய்தி சொன்னால் நம்பலாம், நல்ல செய்தி சொன்னால் முழுசாக நம்பக் கூடாது. இருபது அடி தள்ளி வேறு கதை இருக்கும்.

உங்களுக்குக் குழியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், கோணம் ஒன்று போதும். பனிப்பலகை பெரும்பாலும் உடைவது 30லிருந்து 45 டிகிரிக்குள் சாய்ந்த சரிவில். அதற்குக் குறைவான இடத்தில், அப்படிப்பட்ட சரிவு எதுவும் தலைக்கு மேலே தொங்காத இடத்தில் நடந்தால், அபாயம் 3 ஆனாலும் 4 ஆனாலும் உங்கள் டீயை நிம்மதியாகக் குடிக்கலாம். கால்டோபோ என்ற இணைய வரைபடத்தில் சாய்வு நிறத்தைப் போட்டால் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று காட்டும். நிறமே இல்லாத இடமாகத் தேடுங்கள். வரைபடம் சின்னச் சின்ன மேடுகளைத் தவறவிடும், ஆற்றங்கரை மாதிரி இருபது அடிச் சரிவுகூட ஓர் ஆளைப் புதைக்கப் போதும், ஆகவே கண்ணையும் பயன்படுத்துங்கள்.

கொடைக்கானல்காரன்

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் மனைவிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன், "நான் சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். கால்டோபோவைத் திறந்து நாங்கள் போக நினைத்த வழியைப் போட்டுப் பார்த்தேன். மரக்கோட்டுக்கு மேலே முகடு வரை ஒரே சிவப்பு, மிளகாய்ப்பொடி தூவின மாதிரி. அதற்குக் குறுக்கேதான் நாங்கள் ஏறுவதாக இருந்தது.

நண்பரிடம் சொன்னேன். கொஞ்சம் முகம் சுருங்கியது. "இதுக்காகவா லீவ் போட்டேன்" என்கிறார். அவரைச் சமாளிக்க வேறு நல்ல இடம் சொல்லுங்களேன். இன்னொரு சந்தேகம், பீக்கன் மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொண்டால் முகட்டுக்குப் போகலாமா என்று அவர் கேட்கச் சொன்னார்.

பவுல்டர் மீனா

பீக்கன் மட்டும் இருந்தால் பிணத்தைக் கண்டுபிடிக்கலாம். கடுமையாகச் சொல்வதற்கு மன்னிக்கவும். பீக்கன் இடத்தைக் காட்டும், ப்ரோப் ஆழத்தைக் காட்டும், மண்வாரிதான் ஆளை வெளியே எடுக்கும். முழுசாகப் புதைந்தவர்களில் முதல் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி ஆகிவிட்டால் மூன்றில் ஒருவர்தான். வெளிவிட்ட மூச்சே முகத்தைச் சுற்றி நிறைந்து மூச்சு முட்டிவிடுகிறது. ஒரு மீட்டர் ஆழம் சிமென்ட் பனியைக் கையால் தோண்டிப் பாருங்கள், அரை மணியில் முழங்கை ஆழம்கூடப் போகாது. சரியான மண்வாரி இருந்து பழக்கமும் இருந்தால்தான் அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஏதாவது செய்ய முடியும். பழக்கம் இல்லாதவர்கள் கையில் பீக்கனைக் கொடுத்துப் பூங்காவில் தேடச் சொன்னாலே பத்து நிமிடம் ஓடிவிடும், நான் அப்படித்தான் முதல் நாள் திணறினேன். ஃபோன் பக்கத்தில் இருந்தாலே அம்புக்குறி கிறுக்குப் பிடித்த மாதிரி சுற்றும், தேடும்போது அரை மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். இதெல்லாம் கடையில் சொல்ல மாட்டார்கள். அதிலும் அடிபட்டுச் சாகிறவர்கள் நாலில் ஒருவர், மரத்திலோ பாறையிலோ மோதி, அவர்களுக்கு எந்தக் கருவியும் உதவாது.

இடம்: ப்ரெய்னார்ட் லேக். வார்டு ஊரைத் தாண்டி, குளிர்காலத்தில் கேட்டை மூடியிருப்பார்கள், அங்கே கார் நிறுத்திவிட்டு மூடிய ரோட்டிலேயோ பக்கத்துக் காட்டுப் பாதையிலேயோ ஏரி வரை நடக்கலாம். 10,300 அடி, சுற்றிலும் மலை தெரியும், ஃபோட்டோவுக்குக் குறை இருக்காது. ஏரியைத் தாண்டி மலையடிவாரத்துக்குப் போகாதீர்கள், அங்கே மேலே சரிவுகள் ஆரம்பிக்கும். காற்று மட்டும் கன்னத்தில் அறையும், முகமூடி கொண்டுபோங்கள். காலை ஏழுக்குக் கிளம்பினால் நிறுத்த இடம் கிடைக்கும், ஒன்பதுக்குப் போனால் கிடைக்காது.

கிளம்புமுன் இன்றைய அறிக்கையை இன்னொரு தடவை படியுங்கள். மாலை நாலரைக்குப் புதுசு போடுவார்கள். எண்ணை மட்டும் பார்க்காமல் கீழே எழுதியிருப்பதைப் படியுங்கள், எந்தத் திசை பார்த்த சரிவு, எந்த உயரம், எந்த மாதிரிப் பனி என்று. இங்கே குளிர்காலக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வந்து முகட்டின் கிழக்குப் பக்கத்தில் பனியைக் கொண்டுபோய்க் குவிக்கும். வடக்கும் கிழக்கும் பார்த்த சரிவுகளைத்தான் வருடம் பூராவும் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஜாலி ஜெகன்

சரி சரி, நான் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா, அந்த லெவல் 1 பயிற்சி எத்தனை நாள்?

பவுல்டர் மீனா

மூன்று நாள். ஒரு பகுதி வகுப்பறையில், மீதி வெளியே பனியில். மதிய சாப்பாடு உறைந்துபோகும், புளியோதரை கொண்டுபோகாதீர்கள், நான் கொண்டுபோய் அனுபவித்தேன்.

கொடைக்கானல்காரன் (ஞாயிறு, காலை)

போய்விட்டு வந்தோம். ப்ரெய்னார்ட் லேக்தான். மீனா அக்கா சொன்ன காற்று பொய்யில்லை, ஏரி பக்கத்தில் நண்பரின் தொப்பி போனது போனதுதான். ஆனாலும் மனுஷன் நூறு ஃபோட்டோவாவது எடுத்திருப்பார், முகச்சுருக்கம் எல்லாம் சரியாகிவிட்டது.

சொல்ல வந்தது வேறு. திரும்பும்போது பாதையைவிட்டு ஒரு முப்பது அடி தள்ளி, மரங்களுக்கு நடுவே ஒரு சின்னப் புல்வெளி, தட்டையான இடம், கிரிக்கெட் பிட்ச் அளவுக்கு. யாரும் கால் வைக்காத பனி. மனைவிக்கு ஆசை, முதலில் இறங்கினாள். பத்தடி போயிருப்பாள். "ஹூம்ப்" என்று ஒரு சத்தம். எப்படிச் சொல்வது, பெரிய மெத்தையில் யாரோ பொத்தென்று விழுந்த மாதிரி, ஆனால் காலுக்கு அடியிலிருந்து. மொத்தப் புல்வெளியும் ஒரு விரற்கடை கீழே இறங்கியது, கண்ணால் பார்த்தேன், எதிரே ஒரு சின்னக் கிளையில் இருந்த பனி உதிர்ந்தது. நாலு பேரும் சிலையாக நின்றோம். தட்டையான இடம், ஒன்றும் நடக்கவில்லை, நடக்கவும் முடியாது. ஆனால் எனக்கு முதுகுத்தண்டில் ஏதோ ஓடியது.

அப்புறம் சுந்தர் சொன்னது ஞாபகம் வந்து, நடைக்கோலைத் திருப்பிப் பிடித்து மெதுவாக உள்ளே அழுத்தினேன். ஒன்றரை அடிக்கு எதிர்ப்பு இருந்தது, அதற்கப்புறம் சடாரென்று கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது, ரவை மூட்டையில் கம்பு விட்ட மாதிரி. கையால் தோண்டி அடியில் இருந்ததை அள்ளினேன். கல்கண்டுதான். கையுறையில் மின்னியது. நண்பர் ஒரு வார்த்தை பேசவில்லை, தன் கையிலும் கொஞ்சம் வாங்கிப் பார்த்தார், விரலிடையில் கொட்ட விட்டார், திரும்பப் பாதைக்கு வந்துவிட்டார்.

சால்ட்லேக் சுந்தர்

அந்தச் சத்தம்தான். அப்பளத்துக்கு அடியில் ரவை மொத்தமாக நசுங்கியது. இதையே 35 டிகிரிச் சரிவில் கேட்டிருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவு வந்திருக்காது. தகவல் மையத்தின் தளத்தில் பொதுமக்கள் பார்த்ததை எழுதி அனுப்ப ஒரு படிவம் இருக்கிறது. இடம், நேரம், எத்தனை அடி உயரம், கேட்ட சத்தம், கோல் எவ்வளவு இறங்கியது, எல்லாம் எழுதி அனுப்புங்கள். அறிக்கை எழுதுகிறவர்கள் எல்லா இடத்துக்கும் போக முடியாது, இதை வைத்துத்தான் அவர்களும் எழுதுகிறார்கள்.

கொடைக்கானல்காரன்

அனுப்பிவிட்டேன் சுந்தர். உயரம் சரியாகத் தெரியவில்லை, மனைவியின் வாட்சில் 10,200 என்று இருந்ததாம், அதையே போட்டேன். ஹவில்தார் ஐயா, டீயை அங்கேயே கேட் பக்கத்தில் காருக்குள் உட்கார்ந்து குடித்தோம், ஆறிப்போயிருந்தது.